நாலு துண்டு வஞ்சிரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு யாரும் நல்ல காரியத்துக்காகக் கதவைத் தட்ட மாட்டார்கள் என்பது என் கட்சி. தண்ணீர் கேன் போடுகிறவர் ஒன்பதுக்கு மேல்தான் வருவார். பேப்பரை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதனால் கதவைத் திறப்பதற்கு முன்னால் ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தேன். ஒரு பெண், ஒரு ஆண், இரண்டு பைகள், ஒரு பிளாஸ்டிக் கூடை. என் கணவரின் சித்தப்பா மகளும் அவள் புருஷனும் நின்றுகொண்டிருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருக்கிறார்கள். ஒரு போன் கூடப் பண்ணவில்லை.

பின்னால் திரும்பிப் பார்த்தால், மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறச் சந்தில் இருக்கும் எங்கள் அரை இருட்டு வாடகைப் போர்ஷனின் நடு ஹாலில், என் கணவர் லுங்கியோடு பாயில் படுத்து மொபைல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷனில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர் அவர். முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்ததும் ஒரு மாடியை மூடி, அந்த மாடியில் நின்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடிதம் கிடையாது, காகிதம் கிடையாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. வேறு வேலை கிடைக்கும்வரை ஊரில் இருக்கும் அக்காவுக்கு விஷயம் தெரியக் கூடாது. அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்த அக்கா அவள். தம்பிதான் அந்தப் பட்டு செக்‌ஷனுக்கே தலை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள். சென்னையில் அவருக்கு வேலை போய்விட்டது. ஊரில் அவர் இன்னும் வேலையில் இருந்தார். அதையாவது அவருக்கு விட்டு வைக்க வேண்டும் என்று நானும் நினைத்தேன். மகனுக்கு ஹாஸ்டல் பணம் கட்டுவதற்கும் எங்கள் சாப்பாட்டுக்கும் நான் ஜாக்கெட் தைத்தேன், புடவைக்கு ஃபால்ஸ் அடித்தேன். சொந்தக்காரர்களிடமிருந்து போன் வந்தால் அவர் ஓரமாகப் போய், “கடையில கூட்டம், அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுவார்.

ஜவுளிக்கடை ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்பது தென்மாவட்டத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்குக் கூடத் தெரியும். வீட்டுக்கு ஒருவர் தி.நகரில் துணி மடித்துக்கொண்டிருக்கிற ஊர்கள் அவை. ஞாயிறு அன்று லுங்கியோடு படுத்திருக்கும் சேல்ஸ்மேனைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

“எந்திரிங்க, எந்திரிங்க” என்று அவர் காலைத் தட்டி எழுப்பிப் பேன்ட் போட வைத்தேன். கதவைத் திறந்தபோது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, இப்போதுதான் கடைக்குக் கிளம்பப் போகிறவர் மாதிரி நின்றார். பரவாயில்லை, நன்றாகத்தான் செய்தார்.

“வாம்மா, வாங்க தம்பி. என்ன இப்படிச் சொல்லாம கொள்ளாம?” என்றேன்.

“சும்மாதான் மதினி. அண்ணனையும் உங்களையும் பாத்து எம்புட்டு நாளாச்சு!”

சும்மா! திருநெல்வேலியிலிருந்து யாராவது சும்மா வருவார்களா? கல்யாணப் பத்திரிகை வைக்க வருவார்கள், கண் ஆபரேஷனுக்கு வருவார்கள், முகூர்த்தப் புடவை எடுக்க வருவார்கள். இவர்கள் கையில் பத்திரிகையும் இல்லை, மருத்துவச் சீட்டும் இல்லை. கூடையில் கருப்பட்டி, முறுக்கு, முருங்கைக்காய், பெரிய எலுமிச்சம்பழம் என்று திணித்து வைத்திருந்தார்கள். இவ்வளவு கொண்டு வந்தது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. இவருடைய அக்கா, என் பெரிய நாத்தனார், மோப்பம் பிடித்துவிட்டாள், பார்த்துவிட்டு வரச்சொல்லி இவர்களை அனுப்பியிருக்கிறாள் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன்.

“அண்ணன் கடைக்குக் கிளம்பிட்டாவளா?”

இவர் ஆமாம் என்று சொல்லி வெளியே போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம். நான் கண்ணால் அதைத்தான் காட்டினேன். ஆனால் தங்கையைப் பார்த்த பாசத்தில் மனிதர் உருகிவிட்டார்.

“கிளம்பினேன்தான். நீங்க வந்திருக்கீங்க, எங்க போக? போன் பண்ணி லீவு சொல்லிடறேன்.”

மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். “ஞாயித்துக்கெழம லீவா? போன்லயே தந்திருவாவளா மச்சான்?”

“நான் கேட்டா தருவாங்க” என்றார் இவர். சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் யாருக்கும் போன் பண்ணாமல் இரண்டு நிமிஷம் பேசினார். அடுப்படியிலிருந்து எனக்குக் கேட்டது. இல்லாத முதலாளியிடம், “சரிங்க சார், நாளைக்கு வந்து ஸ்டாக் பார்த்துடறேன் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மாவுச்சட்டியை எட்டிப் பார்த்தபோது கவலைதான் வந்தது.

இரண்டு பேருக்கு ஆறு இட்லி வரும் அளவுக்குத்தான் மாவு இருந்தது. இட்லி ஊற்றினால் எண்ணிக்கை தெரிந்துவிடும். கொஞ்சம் ரவையும் ஒரு கரண்டி அரிசி மாவும் கரைத்துச் சேர்த்து, வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, ஊத்தப்பமாக ஊற்றினேன். ஊத்தப்பத்தை யாரும் அஞ்சாறு சாப்பிட மாட்டார்கள். இரண்டிலேயே வயிறு நிறைந்துவிடும். தேங்காய் அரை மூடிதான் இருந்தது. பொட்டுக்கடலையைத் தாராளமாகப் போட்டுச் சட்னி அரைத்தேன். “மதினி கை மணமே தனி” என்றாள் அவள். புகழ்ச்சியிலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

அவளோ சும்மா உட்கார மாட்டேன் என்கிறாள். தண்ணீர் எடுக்கிறேன் என்று தானாகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு கிண்ணம் புளிக்கரைசலும்தான் இருந்தன. “சுத்தமா வச்சிருக்கிய மதினி” என்றாள். தையல் மெஷின் பக்கத்தில் மடித்து வைத்திருந்த ஊரார் ஜாக்கெட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள்.

“தையல் எல்லாம் எடுக்கியளா?”

“பொழுது போகணுமே. உங்க அண்ணன் காலையில போனா ராத்திரிதான் வரார்.”

“அதுவும் சரிதான்.”

மாப்பிள்ளையோ சுவரைப் பார்க்கிறார், ஃபேனைப் பார்க்கிறார், ஆணியில் மாட்டியிருந்த கடை அடையாள அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அதைத் திரும்பக் கேட்க அந்தக் கடையில் யாருக்கும் தோன்றவில்லை. தூக்கிப் போட இவருக்கும் மனசு வரவில்லை. நல்லவேளையாக அட்டையில் தேதி எதுவும் கிடையாது.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைத்தால், அந்தச் சாம்பார் நமக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் மீன் மார்க்கெட்டுக்கு நடந்தே போனேன். வழக்கமாக நான் மத்தி வாங்கும் அம்மாவிடம் வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாக்கா, மத்தியத் தவுர வேற மீன தொட மாட்ட. இன்னிக்கி வஞ்சிரம் கேக்குற? வூட்டுக்கு ஆளுங்க வந்துகீறாங்களா?”

“ஆமா. நாலே நாலு துண்டு போதும்.”

“நாலா? எத்தினி பேரு?”

“நாலு பேர்தான்.”

“தோ பாரு, நடுத்துண்டா போட்டுக் குடுக்குறேன். ஆளுக்கு ஒண்ணு வறுத்துடு. கொழம்புக்கு மத்தி எத்துக்கினு போ. கொழம்புல கெடக்கசொல்லோ எது இன்னா மீனுன்னு எவன் பாக்கப் போறான்?”

அன்று முழுக்க என்னிடம் ஒளிவு மறைவில்லாமல் பேசியது அந்தம்மா ஒருத்திதான்.

மீனோடு திரும்பி வந்தபோது வாசல் நடையில் மாப்பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் நம் வீட்டைப் பற்றி நம் வீட்டு வாசலிலேயே பேசும்போது கேட்காமல் இருப்பது அதைவிடத் தப்பு.

“ஆமா மதினி... நல்ல வசதியாத்தான் இருக்காவ... மச்சானுக்குக் கடையில நல்ல செல்வாக்கு, ஞாயித்துக்கெழமயே லீவு தந்திருக்காவ... இல்ல, இன்னும் பேசல. சாப்பாட்டுக்கு அப்புறம் பேசிக்கிடுவோம்.”

பேசியது பெரிய நாத்தனாரிடம்தான். நான் நினைத்தது சரி என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் கூட வந்தது. என்ன பேசப் போகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. ஊரில் இருக்கும் நிலத்தில் இவர் பங்கை எழுதி வாங்கவா? அடுப்படிக்கு அவரைக் கூப்பிட்டு, “எதுல கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடாதீங்க” என்று காதில் சொன்னேன். “உனக்கு எப்பப் பாரு சந்தேகம்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

நடுவில் இன்னொரு கண்டம். “அண்ணன் கடையிலயே எனக்கு ஒரு சேலை எடுக்கலாம்லா” என்றாள் அவள். ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவரையும் இவர் கடைக்கு அழைத்துப் போய், ஊழியர் தள்ளுபடியில் புடவை எடுத்துக் கொடுத்து அனுப்புவது இருபது வருஷத்துப் பழக்கம். குழம்பில் மிளகாய்த்தூளை ஒரு கரண்டி கூடுதலாகக் கொட்டிவிட்டேன். “இன்னைக்குக் கூட்டத்துல உள்ளேயே நுழைய முடியாதும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்றார் இவர். “அதுக்கென்ன, அடுத்த தடவையே எடுத்துக்கிடுதேன்” என்று அவள் உடனே விட்டுவிட்டாள். சென்னை வரைக்கும் வந்து புடவையை விடுகிறாளே, அதையும் நான் எனக்குள் குறித்துக்கொண்டேன்.

மத்தியானம் வாழை இலை போட்டேன். வஞ்சிரத்தில் மாப்பிள்ளைக்கு இரண்டு துண்டு, அவளுக்கு ஒன்று, இவருக்கு ஒன்று. மத்திக் குழம்பு, முருங்கைக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம். எனக்குப் பல் வலி, மீன் ஆகாது என்று சொல்லிவிட்டேன். சோறு பற்றாமல் போய்விடுமோ என்று பயந்து, அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு ரசம் ஊற்றிக்கொள்ளலாம் என்று நின்றே பரிமாறினேன். “போதும் மதினி, போதும்” என்று கையை மறித்தவளுக்கும் வற்புறுத்தி வைத்தேன். அன்று என் வீட்டைப் பார்த்தவர்கள் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று கோயிலில் கூடச் சத்தியம் பண்ணுவார்கள். பந்தியை முடித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை பாயில் சாய்ந்து உட்காரவில்லை. முழங்காலை மடக்கி, இவருக்கு எதிரில் கணக்குப் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

“மச்சான், ஒரு விசயம். தப்பா நெனக்கப்பிடாது.”

நான் கதவோரம் போய் நின்றேன்.

“நம்ம பாத்திரக்கடைய மூடியாச்சு. ஆறு மாசமாச்சு. ஊருல யாருட்டயும் சொல்லல. பெரிய மதினிக்கு மட்டுந்தான் தெரியும். அவியதான் சொன்னாவ, மச்சான் ஒரு வார்த்த சொன்னா மொதலாளி தட்ட மாட்டாரு, நேர்ல போயிப் பாருங்கன்னு. எந்த செக்‌ஷன்னாலும் சரி. மூட்ட தூக்கவும் செய்வேன்.”

தி.நகர் கடைகளில் ஆள் எடுப்பது அப்படித்தான். உள்ளே இருக்கும் பழைய ஆள் தன் ஊர்க்காரனை, தன் சொந்தக்காரனைக் கூட்டி வந்து நிறுத்துவான். இவரே அப்படித்தான் உள்ளே போனார், இவரும் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறார்; அவர்கள் வேறு கடைகளுக்கு மாறிப் போய்ப் பல வருஷம் ஆகிறது. வேவு பார்க்க வந்தவர்கள் என்று நான் நினைத்தவர்கள் வேலை கேட்டு வந்திருக்கிறார்கள். கூடை நிறையக் கொண்டு வந்ததும், புடவையை வேண்டாம் என்றதும், என் பொட்டுக்கடலைச் சட்னியைப் புகழ்ந்ததும் அதற்காகத்தான். அவள் தலையைக் குனிந்து தன் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் பிளாஸ்டிக் வளையல்கள். காலையிலிருந்து அவள் என் வீட்டைத் துருவுகிறாள் என்று கரித்துக்கொட்டிய நான் அவள் கையை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

இல்லை என்று இவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். கூட்டம் இல்லை, ஆள் எடுக்கவில்லை, ஏதாவது ஒன்று.

“அதுக்கென்ன மாப்ளே, சொல்லிடறேன்” என்றார் இவர். “முதலாளி நம்ம பேச்சைத் தட்ட மாட்டார். வர்ற வாரம் பேசிடறேன்.”

மாப்பிள்ளை இவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. “போதும் மச்சான், இது போதும். இந்த மாசமே பிள்ளைக்கு டி.சி. வாங்கிருதேன். வீட்டையும் காலி பண்ணிருதோம். இங்கனயே எங்கயாவது ஒரு ரூம் பாத்து...”

“டி.சி. வாங்கிடாதீங்க” என்று சொன்னது நான்தான்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கண்ணால் கெஞ்சினார். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அவருக்கே வேலை இல்லை தம்பி. மூணு மாசமாச்சு. ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சோம். இவரை நம்பி பிள்ளை படிப்பைக் கெடுத்துக்காதீங்க.”

சொல்லி முடித்ததும் மார்பிலிருந்து ஒரு கல் இறங்கிவிட்டது. அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள், சேர்ந்து அழுவோம் என்று கூட நினைத்தேன்.

அவள் ஓரமாக மடித்து வைத்திருந்த இலைகளைப் பார்த்தாள். வஞ்சிர முள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் ஆணியில் மாட்டியிருந்த அடையாள அட்டையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கம். காலையில் ஜன்னல் திரையை விலக்கி நான் பார்த்த அதே பார்வை.

“இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்லிரலாமே மதினி” என்றாள் மெதுவாக. “அதுக்குப் போயி அண்ணனுக்கு வேலை இல்லன்னு வாய் வச்சுச் சொல்லணுமா?”

“சத்தியமாம்மா. ஃபிரிட்ஜைப் பார்த்தியே, ஒண்ணுமே இல்லையே. நான் தைக்கிறது பொழுதுபோக்குக்கு இல்லை.”

“காலையில நீங்கதான பொழுது போகலன்னு சொன்னிய?”

வேலை போனதற்குக் காட்ட ஒரு காகிதம் இல்லை. “நீங்க சொல்லுங்க” என்று இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடு, விடு” என்று மாப்பிள்ளைதான் எழுந்தார். “வீட்டுல ஆயிரம் இருக்கும். நாம போயிட்டு வருவோம்.” சாயங்கால ரயிலுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. காபி போடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். போகும்போது அவள் இவரிடம் மட்டும்தான் சொல்லிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பெரிய நாத்தனாரிடமிருந்து எனக்கு போன் வந்தது. தம்பி கடைக்குக் கிளம்புவதற்குள், அவர் எதிரிலேயே என்னைப் பிடித்துவிட வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் அலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“வஞ்சிர மீனு வறுத்து, எல போட்டு, ஒரு வேலைக்குச் சொல்லிவிடுங்கன்னா எம் தம்பிக்கு வேலையே இல்லன்னு சொன்னியாமே! ஒனக்கு நாக்கு கூசல? நம்ம சனத்துல ஒருத்தன் பொழச்சுக்கிட்டா ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?”

“அண்ணி, உண்மைதான் அண்ணி. அவரையே கேளுங்க.”

போனை அவரிடம் நீட்டினேன். அவர் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை ஜாக்கெட்டில் குத்தி வைத்துவிட்டுப் போனை வாங்கினார். அக்கா பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவ ஏதோ கோபத்துல சொல்லிட்டாக்கா. மனசுல வச்சுக்காத” என்றார். “வேலைக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன். மாப்பிள்ளைக்கு நான் பேசிடறேன்.”

அவர் குரல் அவ்வளவு திடமாக இருந்தது. மூன்று மாதமாக நான் கேட்காத குரல். தி.நகரில் அம்பது பேருக்கு முன்னால் பட்டை விரித்துப் போட்டு இந்தக் குரலில்தான் பேசுவார். போனைப் பிடுங்கிப் பேச எனக்கு வாய் இல்லாமல் இல்லை. இந்த ஆளை இன்னொரு தடவை வேலையை விட்டு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அதற்கு அந்தப் பிள்ளையின் படிப்பு விலை என்பது தெரிந்தேதான் பேசாமல் இருந்தேன். வந்துவிட்டுப் போன தங்கைக்கு மட்டும் இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்தேன். அவள் எடுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் நாத்தனார் மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை கோபம் இல்லை, குரலில் சிரிப்பு இருந்தது.

“பிள்ளைக்கு டி.சி. வாங்கியாச்சாம். வீட்டையும் காலி பண்ணிட்டாவ. மூணு பேரும் ஞாயித்துக்கெழம காலம்பற ஒங்க வீட்டுலதான் வந்து எறங்குவாவ. பழச மனசுல வச்சுக்கிடாம பாத்துக்கிடு.”

“சரி அண்ணி, வரச் சொல்லுங்க” என்றேன்.